மாங்காய்ப் பூட்டும் கண்ணாடி மாளிகையும்

எங்கள் மேசையின்மேல் ஒரு மாங்காய்ப் பூட்டு கிடக்கிறது. திண்டுக்கல் பட்டறை ஒன்றில் கையால் செய்யப்பட்டது. வடிவத்தால் வந்த பெயர்தான்; ஆனால் கையில் எடுத்தால் மணிக்கட்டு ஒரு கணம் தாழும். கன்னிவாடியில் எங்கள் பூர்விக வீட்டின் தானிய அறைக் கதவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது தொங்கியது. அப்பத்தாவின் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் இருந்த ஒரே சாவியைத் தவிர உலகில் வேறெதற்கும் அது திறக்காது என்பது எங்கள் வீட்டில் விவாதத்திற்கு அப்பாற்பட்ட உண்மை. சோமலிங்கபுரத்துச் சாமியின்மேல் இருந்த நம்பிக்கையைவிட அதை ஒரு மாற்றுக் குறைவாக வேண்டுமானால் சொல்லலாம்.

இக்கட்டுரை அந்தப் பூட்டைப் பற்றியதன்று. 1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு பூட்டுக் கம்பெனி செய்துகாட்டிய துணிச்சலான காரியத்தைப் பற்றியது. ஆயினும் இந்தப் பூட்டு இல்லையென்றால் நாங்கள் அந்தக் கதையைத் தேடிப் படித்திருக்கப் போவதில்லை. ஆகவே முதலில் கன்னிவாடியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் கன்னிவாடி. மதுரை நாயக்கர் காலத்தில் ஒரு பாளையமாக இருந்தது. எங்கள் சிறுவயதில் அதன் பழம்பெருமையை நினைவூட்ட ஊரில் அதிகம் ஒன்றும் மிச்சமில்லை. மலை இருந்தது, மழைக்காலத்தில் மேகம் இருந்தது, மற்றபடி எது வேண்டுமென்றாலும் திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏற வேண்டும். துணி, மருந்து, கல்யாணப் பத்திரிகை, பூட்டு எல்லாம் அங்கிருந்துதான்.

1981இல் அந்தத் தானிய அறையிலிருந்து ஆறு பவுன் சங்கிலி ஒன்று காணாமல்போயிற்று. பூட்டு பூட்டியபடியே இருந்தது. நாதாங்கியின் ஆணிகள் அசையவில்லை. கதவில் கீறல்கூட இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசி வந்தடைந்த முடிவு மிக எளிமையானது: திண்டுக்கல் பூட்டைச் சாவியில்லாமல் திறக்க முடியாது, எனவே சாவியால்தான் திறந்திருக்க வேண்டும், அப்பத்தா காய்ச்சலில் படுத்திருந்த பத்து நாட்கள் சாவி யாரிடம் இருந்ததோ அவரே எடுத்திருக்க வேண்டும். சாவி இருந்தது எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவிடம். எங்கள் மூவரையும் தூக்கி வளர்த்தவர். போலீசுக்குப் போகவில்லை, அதைப் பெருந்தன்மை என்றே வீட்டில் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா தம் மகனை அழைத்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார். அவர் பேருந்து ஏறிய காலையில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம்.

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக எங்களில் எவருக்கும் அப்போது தோன்றவில்லை. வளர்ந்த பிறகும் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இலக்கியம் படித்தோம், விவாதித்தோம், சந்தேகம் என்பது அறிவின் தொடக்கம் என்றெல்லாம் மேடையில் பேசினோம். பூட்டைச் சந்தேகிக்கவில்லை.

இனி லண்டன்.

1851 மே 1ஆம் தேதி ஹைட் பூங்காவில் விக்டோரியா மகாராணி திறந்துவைத்த கண்காட்சியையே உலகக் கண்காட்சிகளின் தாய் என்பார்கள். ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய பெருங்கூடத்தில் அது நடந்தது. தோட்டக்கலை தெரிந்த அவர், செடிகளுக்குக் கண்ணாடிக் கூடங்கள் அமைத்த அனுபவத்தைக்கொண்டு ஓர் ஊரையே உள்ளே வைக்கும்படி அதைக் கட்டினார். அக்டோபரில் மூடும்வரை அறுபது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். நுழைந்தவுடன் கூட்டம் மொய்த்த இடங்களுள் ஒன்று நமக்கு வேண்டியது: கோஹினூர் வைரம். 1849இல் பஞ்சாபை இணைத்துக்கொண்டபோது சிறுவனான மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து பெற்ற வைரத்தை, பறவைக் கூண்டு போன்ற ஒரு பெட்டகத்துக்குள் வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள் பலர் ஏமாந்தார்கள், எதிர்பார்த்த அளவுக்கு அது மின்னவில்லையாம். அடுத்த ஆண்டு அதைப் பட்டை தீட்டிச் சிறிதாக்கியது வேறு கதை. அந்தக் கூண்டைச் செய்தளித்தது சப் கம்பெனி. இங்கிலாந்தில் பூட்டு என்றால் இரண்டு பெயர்கள்: சப், பிராமா. திறக்க முடியாதவை என்று பெயர் பெற்றவை.

அந்தப் பெயர் வெறும் விளம்பரத்தால் வந்ததன்று. 1817இல் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் கள்ளச் சாவிகளைக்கொண்டு ஒரு திருட்டு நடந்தது. அதன் பிறகு, தன் சாவிக்கு மட்டுமே திறக்கும் பூட்டைச் செய்துகாட்டுபவருக்கு 100 பவுண்டு பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. மறு ஆண்டே ஜெரமையா சப் அத்தகைய ஒன்றைச் செய்தார். அதன் சிறப்பு இது: உள்ளே இருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட உயரத்துக்குத்தான் எழும்ப வேண்டும், கள்ளச் சாவியோ கம்பியோ ஒரு லீவரைச் சற்றுக் கூடுதலாகத் தூக்கிவிட்டால் அது ஒரு வில்லில் சிக்கிக்கொள்ளும். பூட்டு இறுகிவிடும். அடுத்து வரும் உரிமையாளர், தம் சாவி உடனே திரும்பாததைக் கண்டு, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வார். பிற்பாடு மேம்படுத்தப்பட்ட வடிவில், சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினால் பூட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். திருடனைத் தடுப்பதோடு அவன் வந்து போனதையும் கோள் சொல்லும் பூட்டு! சிறைக் கப்பலில் கைதியாக இருந்த பூட்டுத் தொழிலாளி ஒருவரிடம் அதைக் கொடுத்து, திறந்தால் விடுதலை என்றார்களாம். மாதக்கணக்கில் முயன்று அவர் தோற்றார் என்பது சப் கம்பெனியார் பெருமையுடன் சொல்லிவந்த கதை.

ஜோசப் பிராமாவின் பூட்டு இன்னும் பழையது. 1784இல் காப்புரிமை பெற்றது. உருளையான சிறு சாவி. அதன் முனையில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். அழுத்தும்போது ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டை அதற்குரிய ஆழத்துக்குத் தள்ளும். எல்லாத் தகடுகளும் ஒரே சமயத்தில் சரியான இடத்தில் நின்றால்தான் உருளை சுழலும். பிக்காடிலித் தெருவில் பிராமா கம்பெனியின் கடைச் சன்னலில் பதினெட்டுத் தகடுகள் கொண்ட ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவர் 200 கினிகளை அக்கணமே பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன்மேல் பொறித்திருந்த அறைகூவல். 1790களிலேயே செய்யப்பட்ட பூட்டு அது. பிராமா 1814இல் காலமான பிறகும் அறைகூவல் சன்னலிலேயே இருந்தது. அந்தத் தெருவில் நடந்துபோன இரண்டு தலைமுறை லண்டன்காரர்கள் அதைப் பார்த்து நிம்மதியடைந்திருப்பார்கள்.

கண்காட்சியில் அமெரிக்கப் பகுதி தொடக்கத்தில் கேலிக்குள்ளானது. கேட்டு வாங்கிய இடம் அதிகம், கொண்டுவந்து நிரப்பிய பொருள் குறைவு என்று ஆங்கிலப் பத்திரிகைகள் நகைத்தன. அந்த வெறுமையான மூலையில்தான் நியூயார்க்கின் டே அண்ட் நியூவெல் கம்பெனி தன் வங்கிப் பூட்டைக் காட்சிக்கு வைத்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஆல்ஃப்ரெட் சார்ல்ஸ் ஹாப்ஸ். 1812இல் பாஸ்டனில் பிறந்தவர். கம்பெனியின் விற்பனைக்காரர் என்று சொல்லலாம், ஆனால் அவர் விற்ற முறை வேறு. அமெரிக்க வங்கிகளுக்குப் போய், அவர்கள் நம்பிப் பூட்டியிருந்த பூட்டை அவர்கள் கண்முன்னே திறந்துகாட்டிவிட்டு, பிறகு தம் பூட்டை எடுத்து வைப்பார். நம் ஊரில் எந்தப் பாத்திரக்காரரும் இப்படி விற்றதில்லை.

அவர்கள் கொண்டுவந்த பூட்டும் லேசுப்பட்டதன்று. ராபர்ட் நியூவெல் வடிவமைத்தது. உள்ளே எட்டிப்பார்க்க முடியாதது என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. அதன் சாவியின் பற்கள் தனித்தனியே கழற்றி மாற்றி அடுக்கக்கூடியவை. எந்த அடுக்கில் பூட்டினீர்களோ அந்த அடுக்கை உள்ளிருக்கும் பொறி தானே ஏற்றுக்கொள்ளும். அடுத்த முறை அதே அடுக்குக்குத்தான் திறக்கும். இன்று கடவுச்சொல்லை மாற்றுகிறோமே, அதை இரும்பில் செய்த வேலை. கண்காட்சியில் அதை மேசைமேல் வைத்து விளக்கிக்கொண்டிருந்தாலே நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் இங்கிலாந்தில் சப்பும் பிராமாவும் இருக்கையில் அமெரிக்கப் பூட்டு எதற்கு என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? ஹாப்ஸ் கண்ணாடி மாளிகையைவிட்டு வெளியே வந்தார். கம்பெனியின் உண்மையான காட்சிப்பொருள் மேசைமேல் இருந்த பூட்டன்று என்பது எங்கள் எண்ணம். மற்றவர்களின் பூட்டு திறந்துகொள்ளும் காட்சிதான் அவர்கள் வைத்த பொருள்.

ஜூலை 22ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில், கிரேட் ஜார்ஜ் தெருவின் 34ஆம் எண் கட்டடத்தில், ஒரு பெட்டக அறைக் கதவிலிருந்த சப் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் திறந்தார். 25 நிமிடங்கள். லீவர் சிக்கும்போதெல்லாம் அதையே ஓர் அறிகுறியாகக் கொண்டு, அளவு மிஞ்சிவிட்டது என்று தெரிந்து, பின்னுக்குத் திருப்பி விடுவித்துக்கொண்டு மேலே போனார் என்கிறார்கள். திருடனைக் காட்டிக்கொடுக்க வைத்த வில், வழிகாட்டியாகிவிட்டது. அந்தச் சம்பவத்தை எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த 25 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்களைப் பிடித்து உலுக்கியது அதற்கடுத்த வரி. திறந்த பூட்டை மறுபடியும் பூட்டிக்காட்டச் சொன்னார்கள். 7 நிமிடத்தில் பூட்டினார். தடயம் இல்லை.

அந்த வரியைப் படித்தபோது எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு பிராமா. நிபந்தனைகள் பேசப்பட்டு, மூவர் கொண்ட நடுவர் குழு அமைக்கப்பட்டது. பூட்டு மரப்பலகைகளுக்கிடையே பொருத்தப்பட்டு, சாவித் துவாரம் மட்டும் வெளியே தெரிந்தது. முப்பது நாள் தவணை. ஜூலை 24இல் தொடங்கி, பதினாறு நாட்களில் பிரித்துப் பிரித்து மொத்தம் 51 மணி நேரம் ஹாப்ஸ் அதன் முன் உட்கார்ந்திருந்தார். திருப்பும் விசையைக் குறையாமல் காத்துநிற்க ஒரு சிறு பொறியைப் பலகையில் பொருத்திக்கொண்டு, தகடுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, எது பிடிக்கிறது எது நழுவுகிறது என்று விரல் நுனியால் கேட்டுக் கேட்டு, அளவுகளைக் குறித்துக்கொண்டு வேலை செய்தார். ஏமாற்றுவதற்கென்றே தகடுகளில் பொய் வெட்டுகள் வேறு இருந்தன. ஆகஸ்ட் 23ஆம் தேதி உருளை சுழன்றது. பூட்டு சேதமடைந்துவிட்டதா என்று நடுவர்கள் பார்த்தார்கள். சேதமில்லை, அசல் சாவி முன்போலவே வேலை செய்தது.

பிராமா கம்பெனியார் 200 கினிகளை ஆட்சேபத்துடன் கொடுத்தார்கள். எந்தத் திருடனுக்குப் பதினாறு நாள் அவகாசமும் உட்கார நாற்காலியும் கிடைக்கும் என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சன்னலில் எழுதிவைத்திருந்தது திருடனைப் பற்றியதல்லவே. பத்திரிகைகள் அந்தக் கோடை முழுவதும் இதைப் பேசின. தேசத்தின் பெட்டகமே திறந்துகிடப்பதுபோல் ஒரு கலக்கம். பதிலுக்கு ஹாப்ஸ் தம் பூட்டையும் சவாலுக்கு வைத்தார். ஓர் ஆங்கிலப் பூட்டுத் தொழிலாளி முப்பது நாள் முயன்று கைவிட்டார். பிராமாவின் அந்தப் பூட்டு இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாங்கள் இதையெல்லாம் படிக்க நேர்ந்தது 2019இன் கடைசியில். அப்பத்தா 1998இல் இறந்தபோது சாவி கிடைக்கவில்லை. சுருக்குப்பையோடு சேர்ந்து எரிந்திருக்க வேண்டும். தானிய அறையை யாரும் திறக்க முனையவில்லை. குதிர்கள் எப்போதோ காலி. வீட்டை விற்பது என்று முடிவானதும் பூட்டை அறுக்க மனமில்லாமல் நாதாங்கியின் ஆணிகளைப் பிடுங்கினோம். துருவேறிய ஆணிகள் பல் விழுவதுபோல் வந்துவிட்டன. உள்ளே கிழிந்த சாக்குகள், ஒரு மரக்கால், பல்லிகள். பூட்டு நாதாங்கியோடு எங்கள் கைக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் கூடவே கிடைத்தது. ஆகவே சாவி செய்து பூட்டை நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையில் திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் விசாரித்துக்கொண்டு போனோம்.

ஒருகாலத்தில் அந்தப் பகுதியிலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் வீட்டுக்கு வீடு அரம் ராவும் சத்தம் கேட்குமாம். மாங்காய்ப் பூட்டு, மணியடிக்கும் பூட்டு, தவறான சாவியை விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு என்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு வித்தை. அலிகார் இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்த பிறகு இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. நாங்கள் பார்த்த பெரியவர் குனிந்தே உட்கார்ந்திருந்தார். எழுந்தபோதும் முதுகு நிமிரவில்லை. இங்கிலாந்தில் வில்லன்ஹால் என்ற பூட்டுத் தொழில் ஊருக்கு, அரத்தின்மேல் கவிழ்ந்து கவிழ்ந்து அங்குள்ளவர்களின் முதுகு கூனிப்போனதால், கூனர் சீமை என்ற பட்டப்பெயர் இருந்ததைப் பிற்பாடு படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வீட்டுப் பூட்டு தம்பி இது?"

"எங்க அப்பத்தாவுதுங்க. சாவி அவங்களோடயே போயிருச்சு."

"நல்ல கை. எங்க அப்பா காலத்து வேலை" என்றார். ஒரு தட்டையான தகட்டையும் வளைத்த கம்பியையும் எடுத்துக்கொண்டு, எங்களை வாசல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். "இதைப் பாக்கக் கூடாதுங்க. பாத்தீங்கன்னா ராத்திரித் தூக்கம் வராது."

தூக்கம் வரத்தான் இல்லை, பார்க்காமலேயே. எங்களில் ஒருவர் விளையாட்டாகக் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம் ஆகவில்லை, பின்னால் சத்தம் கேட்டது. பூட்டு வாய் பிளந்துகிடந்தது. சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, சாவியில்லாமல் இதை மறுபடி பூட்டவும் முடியுமா என்று கேட்டோம். அந்தக் கேள்வியின் கனம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"தொறக்கத் தெரிஞ்சவனுக்குப் பூட்டுறது என்ன பெரிய காரியம்?" என்று சிரித்துக்கொண்டே பூட்டிக்காட்டினார்.

அந்தக் காலத்தில் இப்படித் திறக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். தெருவுக்குத் தெரு பட்டறை. பட்டறைக்கு நாலு பையன்கள். அதில் பாதிப் பேர் ஓரிரு வருடம் பழகிவிட்டு வேறு பிழைப்புக்குப் போனவர்கள். எங்கள் உறவிலேயே அப்படிப் போய்த் திரும்பியவர் ஒருவர் உண்டு. அவரும் இன்று இல்லை. அதற்குமேல் எழுத நாங்கள் விரும்பவில்லை. சாவி வைத்திருந்தவர்மேல் காட்டிய அவசரத்தை இன்னொருவர்மேல் காட்டுவது பிராயச்சித்தம் ஆகாது.

அன்றிரவு பூட்டுகளைப் பற்றித் தேடப்போய்த்தான் ஹாப்ஸைச் சென்றடைந்தோம். அவருடைய குறிப்புகளைக்கொண்டு சார்ல்ஸ் டாம்லின்சன் பதிப்பித்த பூட்டு நூல் ஒன்று 1853இல் வந்தது. அதன் முற்பகுதியில் ஒரு விவாதம் வருகிறது. பூட்டின் பலவீனங்களை வெளியே சொல்வது திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று ஹாப்ஸின்மேல் அப்போது குற்றச்சாட்டு. திருடர்கள் தங்கள் தொழிலில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கப் புதிதாக ஒன்றும் இல்லை, தெரியாமல் இருப்பவர்கள் நேர்மையானவர்கள் மட்டுமே என்பது நூல் தரும் பதில். கணினிப் பாதுகாப்புத் துறையினர் இன்றும் இந்த வாதத்தை எடுத்தாள்கிறார்கள். அதைப் படித்தபோது நூலில் சொல்லப்படாத ஒன்று எங்களுக்குத் தோன்றியது. திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்றை ஊர் நம்பிவிட்டால், உள்ளே இருப்பது காணாமல்போகும் அன்று சாவி வைத்திருப்பவர் திருடராகிவிடுகிறார். அவருக்குத் தன்னை நிரூபிக்க வழியே இல்லை. பூட்டு எவ்வளவு உசத்தியோ அவ்வளவுக்கு அவர் கதி மோசம்.

இது பழங்கதையன்று. பிரிட்டனின் தபால் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. அதில் தவறு நேராது என்று நம்பி, கணக்கில் துண்டு விழுந்தபோதெல்லாம் கிளைத் தபால் நிலையம் நடத்தியவர்களையே குற்றவாளிகளாக்கினார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். பிழை கணினியில் என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளைக் கூட்டாக ரத்துசெய்யும் சட்டம் 2024இல்தான் வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசிய அதே தர்க்கம்தான், எழுத்துக்கு எழுத்து.

ஹாப்ஸையும் அப்பழுக்கற்ற வீரராக நாங்கள் எண்ணிவிடவில்லை. அவர் விற்க வந்தவர். லண்டனிலேயே தங்கி, தம் பெயரில் கம்பெனி தொடங்கி, இயந்திரத்தால் பூட்டு செய்யத் தொடங்கினார். வில்லன்ஹால் போன்ற ஊர்களின் கைத்தொழிலுக்கு வரப்போகும் காலத்தை அவர் முன்கூட்டிக் கொண்டுவந்தார். 1860இல் அமெரிக்கா திரும்பிப் பிற்பாடு தோட்டா செய்யும் கம்பெனியில் பொறுப்பு வகித்தார். அவர் காட்சிக்கு வைத்த அந்த மாறும் பற்கள் கொண்ட பூட்டையும் 1850களிலேயே லைனஸ் யேல் என்ற இளைய அமெரிக்கர் திறந்துவிட்டார். அந்த யேல் உருவாக்கிய ஊசிப் பூட்டின் வழித்தோன்றல்கள்தான் இன்று நம் வீட்டு முன்கதவுகளில் இருப்பவற்றுள் பல. அவற்றைத் திறக்கும் முறையை யூடியூபில் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஹாப்ஸ் இருந்தால் மகிழ்ந்திருப்பார். பெரியவர் வாசல் பக்கம் திரும்பச் சொல்லியிருப்பார். இருவரில் யார் பக்கம் நிற்பது என்று எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ரகசியம் அவருடைய பிழைப்பு. ஆனால் அதே ரகசியத்தின் நிழலில்தான் 1981 நடந்தது.

அக்காவைத் தேடினோம். உள்ளூரில் அவருடைய உறவினர் ஒருவரிடம் எண் வாங்கி, திருப்பூரில் மகனைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அக்கா 2011இல் இறந்துவிட்டிருந்தார். மகன் பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிள் ஓட்டுகிறார். எங்களைவிட இரண்டு வயது மூத்தவர். கன்னிவாடியில் எங்களோடு கோலி விளையாடியவர். வாசலில் வைத்து எங்களை அடையாளம் கண்டுகொண்டபோது அவர் முகத்தில் வந்து மறைந்ததை வர்ணிக்க எங்களிடம் சொல் இல்லை.

உட்காரச் சொன்னார். பூட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தோம். நாகல் நகரில் நடந்ததைச் சொன்னோம். சொல்லும்போதே அது எவ்வளவு அரைகுறை என்று தெரிந்தது. பூட்டு திறந்துகொண்டதால் சங்கிலியை எடுத்தது யார் என்று தெரிந்துவிடவில்லை. அவர்தான் எடுத்திருக்க முடியும் என்று எங்கள் வீட்டில் சொன்னது பொய் என்று மட்டுமே தெரிந்தது. அதையும் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அதைக் கேட்க வேண்டியவர் இல்லாத வீட்டில் உட்கார்ந்து சொல்கிறோம். மன்னிப்பு என்ற சொல்லை எங்களில் ஒருவர் தொடங்கி முடிக்கவில்லை.

அவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ஆறு."

தலையாட்டினார். உள்ளே திரும்பி மனைவியிடம் தேநீர் போடச் சொன்னார். அம்மா கடைசிவரைக்கும் எந்த வீட்டுச் சாவியையும் கையில் வாங்கமாட்டார், சொந்த வீட்டுச் சாவியைக்கூட ஆணியில்தான் மாட்டச் சொல்வார் என்று பொதுவாகச் சொன்னார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டோம், சொன்னார். கன்னிவாடியில் மழை உண்டா என்று கேட்டார், இருந்ததைச் சொன்னோம்.

கிளம்பும்போது பூட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். குனிந்து எடுத்து, தன் கையாலேயே எங்கள் பையில் போட்டார்.